நீச்சலில் தோள்வலி: ஓய்வெடுத்தும் ஏன் திரும்பி வருகிறது?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. உங்களுக்கு வயது 34, மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இரண்டு ஆண்டுகளாக 25 மீட்டர் குளத்தில் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறீர்கள். 5 கிலோமீட்டர் கடல் நீச்சல் ஒன்றில் கலந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில், நாளொன்றுக்கு 1,500 மீட்டராக இருந்த பயிற்சியை ஒரே மாதத்தில் 3,000 மீட்டராக்கி, அதே மாதத்தில் கைகளில் பேடிலும் (உள்ளங்கையில் மாட்டும் தட்டையான பலகை) மாட்டத் தொடங்கினீர்கள். வலது தோளின் முன்பக்கத்தில் வலி வந்தது. மூச்சை எப்போதும் இடப்பக்கமே எடுப்பதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மூன்று வாரம் குளத்துப் பக்கமே போகாமல் இருந்தபோது வலி மறைந்து, மறுபடி இறங்கிய சில நாட்களிலேயே திரும்பிவிட்டது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘சுப்ராஸ்பினேட்டஸ் டெண்டினோசிஸ்’ (தோளின் சிறு தசை ஒன்றை எலும்போடு இணைக்கும் தசைநாணில் ஏற்பட்ட மாற்றம்) என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்து, நீச்சலை விட்டுவிட வேண்டுமா, ஊசி போட்டுக்கொள்ளலாமா, அறுவை சிகிச்சை வரை போகுமா என்று கேட்கிறீர்கள். அதே குளத்தில் பயிற்சி பெறும் உங்கள் 11 வயது மகளைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது.

நீச்சல் பழகுபவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை அளித்துவரும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தோளைத் தொட்டுப் பரிசோதிக்காமல் எழுதப்படும் எந்தப் பதிலும் பரிசோதனைக்கு ஈடாகாது. ஆனாலும் நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்கள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. நீச்சலை விட வேண்டியதில்லை. அறுவை சிகிச்சையைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். வெறும் ஓய்வு உங்களைக் குணப்படுத்தாது என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஓய்வு வலியை அடக்குகிறதே தவிர, வலியை உண்டாக்கிய காரணத்தில் எதையும் மாற்றுவதில்லை.

தோள்மூட்டு நம் உடலிலேயே மிக அதிகமாக அசையக்கூடிய மூட்டு. மேற்கை எலும்பின் உருண்டையான தலை, தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் உள்ள ஆழமில்லாத குழியில், அகல் விளக்கின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தது போலப் பொருந்தி நிற்கிறது. எலும்பு தராத பிடிப்பை அங்கே தசைகள்தான் தர வேண்டும். சுப்ராஸ்பினேட்டஸ், இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டெரெஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ் என்ற நான்கு சிறு தசைகள் சேர்ந்த ரொட்டேட்டர் கஃப், கை எந்தத் திசையில் போனாலும் உருண்டையைக் குழியின் நடுவில் பிடித்து வைக்கிறது. ஆனால் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளி உடலை முன்னே செலுத்தும் விசையைத் தருபவை இவை அல்ல; மார்பின் பெரிய தசையும் முதுகின் அகன்ற தசையும்தான் அதைத் தருகின்றன. இந்த இரண்டுமே கையை உள்நோக்கித் திருப்பும் இயல்புடையவை. நீந்த நீந்த இவை வலுத்துக்கொண்டே போகின்றன. கையை வெளிநோக்கித் திருப்பும் பின்புறச் சிறு தசைகளுக்கு நீச்சலில் அந்த அளவு வேலை கிடைப்பதில்லை. அந்த ஏற்றத்தாழ்வு நாளாக நாளாக உருண்டையை முன்னும் மேலுமாக நகர்த்தி, தசைநாணின் மேல் கூடுதல் சுமையை ஏற்றுகிறது.

இன்னொரு தசையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் பார்க்கும் நீச்சல் தோள்களில் பெரும்பாலானவற்றில் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. விலா எலும்புகளிலிருந்து தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு வரை ஓடும் செரேட்டஸ் ஆன்டீரியர், கை மேலே எழும்போது தோள்பட்டை எலும்பையும் கூடவே சுழற்றி, தசைநாணுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. 1991-இல் வெளியான தசை மின்னியக்க ஆய்வுகள், வலியில்லாத நீச்சல் வீரர்களிடம் இந்தத் தசையும் சப்ஸ்கேபுலாரிஸும் ஃப்ரீஸ்டைல் கைவீச்சின் எல்லாக் கட்டங்களிலும் இடைவிடாமல் வேலை செய்வதையும், தோள்வலி உள்ளவர்களிடம் தண்ணீரை இழுக்கும் கட்டத்தில் செரேட்டஸின் வேலை குறைந்துபோவதையும் காட்டின. ஓய்வே இல்லாமல் உழைக்கும் தசைதான் முதலில் களைக்கும். அது களைத்த பிறகு நீந்தும் ஒவ்வொரு மீட்டரையும் தசைநாண்தான் சுமக்கிறது. பயிற்சியின் முதல் பாதியில் ஒன்றும் தெரியாமல், கடைசி 800 மீட்டரில் வலி தொடங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதனோடு அப்படியே பொருந்துகிறது.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். 25 மீட்டர் குளத்தில் ஒரு நீளத்துக்கு ஒரு கைக்கு 9 வீச்சு என்று வைத்துக்கொண்டால், 1,500 மீட்டருக்கு 540 வீச்சு, 3,000 மீட்டருக்கு 1,080 வீச்சு. வாரத்தில் ஆறு நாள் நீந்தினால், சுமார் 3,200 வீச்சுக்குப் பழகியிருந்த ஒரு தோளிடம் ஒரே மாத இடைவெளியில் 6,400-க்கு மேல் கேட்டிருக்கிறீர்கள். பேடில் மாட்டியதால் ஒவ்வொரு வீச்சின் சுமையும் தனியாகக் கூடியது. தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாணுக்கு மாதங்கள் ஆகும். உங்கள் மூச்சும் இதயமும் 3,000 மீட்டருக்குத் தயாராகிவிட்ட அன்று உங்கள் தசைநாண் இன்னும் 1,500 மீட்டரிலேயே இருந்தது. எனக்குத் தெரிந்தவரை, வயது வந்த பிறகு நீச்சலைத் தீவிரமாக எடுத்துக்கொள்பவர்களின் தோள்வலிக்கு இதைவிடப் பொதுவான காரணம் வேறு இல்லை.

கனடாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர்கள் கென்னடியும் ஹாக்கின்ஸும் 1974-இல் இந்த வலிக்கு ‘நீச்சல்காரர் தோள்’ என்று பெயரிட்டபோது, அக்ரோமியன் என்ற எலும்பு முனைக்கும் அதன் தசைநார்க் கட்டுக்கும் அடியில் தசைநாண் உரசப்படுவதே காரணம் என்று கருதினார்கள். அந்த விளக்கம் முற்றிலும் தவறு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் உரசலைவிட, தாங்கும் திறனை மீறிய சுமையும், களைப்பும், சிலருக்கு இயல்பாகவே தளர்ந்திருக்கும் மூட்டும்தான் முக்கியம் என்ற பக்கம் இன்றைய புரிதல் நகர்ந்திருக்கிறது. இந்த மாற்றம் உங்கள் சிகிச்சையையே மாற்றுகிறது. உரசல்தான் நோய் என்றால் எலும்பைச் செதுக்க வேண்டும். சுமைதான் காரணம் என்றால் சுமையைக் குறைத்து, தாங்கும் திறனைக் கூட்டினால் போதும்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் பார்த்துப் பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், 13 முதல் 25 வயது வரையிலான 80 முன்னணி நீச்சல் வீரர்களில் 91 விழுக்காட்டினர் தோள்வலி இருப்பதாகக் கூறினர். அவர்களில் ஸ்கேன் எடுக்கப்பட்ட 52 பேரில் 36 பேருக்கு, உங்கள் அறிக்கையில் இருக்கும் அதே சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாண் மாற்றம் இருந்தது. வாரத்தில் 15 மணி நேரத்துக்கு மேல் அல்லது 35 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியவர்களிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. அப்படிப்பட்ட தசைநாணுடன்தான் அவர்கள் போட்டிகளில் நீந்திக்கொண்டிருந்தார்கள். டெண்டினோசிஸ் என்பது கிழிசல் அல்ல. அளவுக்கு மீறிய சுமைக்குத் தசைநாண் காட்டும் எதிர்வினை அது. சுமையைச் சரிசெய்தால் வலி குறையும், பலமும் கூடும், ஸ்கேன் படம் அப்படியே இருந்தாலும்கூட.

ஆனால் தோளில் வரும் வலியெல்லாம் தோளின் வலி அல்ல. கேரளத்தில் பிறந்து நெய்வேலியில் வளர்ந்த நீச்சல் வீரர் சஜன் பிரகாஷ், 2019-இல் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) நழுவியதால் இடக்கையை அசைக்கவே சிரமப்பட்டார். நீண்ட மறுவாழ்வுச் சிகிச்சைக்குப் பிறகு, 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்பிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தி, ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி தரும் ‘ஏ’ நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். கழுத்தைத் திருப்பும்போது வலி கையில் இறங்கினாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, பொருளைப் பிடிக்கும் பலம் குறைந்தாலோ, தோளை விட்டுவிட்டுக் கழுத்தைத்தான் பரிசோதிக்க வேண்டும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, உறைந்த தோள் வருவது நம் ஊரில் சாதாரணம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். இன்னொருவர் உதவியுடன் திருப்பினாலும் கை வராமல் இறுகி நின்றால் அது வேறு நோய், அதற்கு வேறு சிகிச்சை. கை முழுவதும் வீங்கி நீலம் பாய்வது, விழுந்தோ இடித்தோ அடிபட்ட பிறகு கையைத் தூக்கவே முடியாமல் போவது, காய்ச்சலோடு சேர்ந்த தோள்வலி, உடல் உழைப்பின்போது நெஞ்சு இறுக்கத்தோடு இடத்தோளில் படரும் வலி ஆகியவை தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உங்களிடம் இவற்றில் எதுவும் இல்லை என்பது நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது.

முதல் இரண்டு வாரங்களுக்கு நான் சொல்வது முழு ஓய்வு அல்ல, சுமைக் குறைப்பு. வலி எந்தத் தூரத்தில் தொடங்குகிறதோ, அதில் பாதியைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது 1,000 மீட்டருக்குச் சற்று மேல் வரும். அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீந்துங்கள். பேடிலைப் பையிலிருந்தே எடுத்துவிடுங்கள். கிக் போர்டை (மிதவைப் பலகை) நீட்டிய கைகளால் பிடித்துக்கொண்டு கால் உதைப்பது, பலரும் நினைப்பது போலத் தோளுக்கு ஓய்வு அல்ல. தோளின் மிக நெருக்கடியான நிலையில் கையை நிமிடக்கணக்கில் நிறுத்தி வைப்பது அது. மல்லாந்தோ ஒருக்களித்தோ, கைகளை உடலோடு ஒட்டி வைத்து உதையுங்கள். காலில் ஃபின் (துடுப்பு போன்ற ரப்பர் காலணி) மாட்டிக்கொண்டால் அதே வேகத்துக்குக் கை செய்யவேண்டிய வேலை குறையும், ஆகையால் இந்தக் கட்டத்தில் அது நல்ல துணை. வலியைப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பிடுங்கள்: நீந்தும்போது மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அந்த அளவு பாதுகாப்பானது, மறுநாளும் நீடித்தால் தூரத்தைக் குறைக்க வேண்டும். வலிநிவாரணி மாத்திரை போட்டுக்கொண்டு குளத்தில் இறங்குவதை மட்டும் செய்யாதீர்கள், அது இந்த அளவுகோலையே பறித்துவிடும். ஐஸ் ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுங்கள். அதற்கு மேல் அதில் மருந்து எதுவும் இல்லை.

குளத்துக்கு வெளியே இருக்கும் மணி நேரங்களும் கணக்கில் சேரும். வலிக்கும் தோளின் மேல் படுக்காமல், மறுபக்கம் ஒருக்களித்து, ஒரு தலையணையை அணைத்து அதன்மேல் வலக்கையை வைத்துத் தூங்குங்கள். பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கும் வேலையைச் சில வாரங்களுக்கு இடக்கையிடம் விடுங்கள். நாள் முழுவதும் மடிக்கணினிக்கு முன் குனிந்திருக்கும் முதுகு, மாலையில் குளத்தில் நிமிர மறுக்கும். மேல்முதுகு நிமிராத உடலில் கை தலைக்கு மேல் போக வேண்டுமானால் அந்தக் குறையைத் தோள்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். ஆகவே மேல்முதுகைப் பின்னோக்கி வளைக்கும் பயிற்சியை, தோளை இழுத்து நீட்டும் பயிற்சியைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

இனி, நீந்தும் முறை. உங்கள் வலி வலத்தோளில் இருப்பதற்கும், மூச்சை இடப்பக்கமே எடுப்பதற்கும் தொடர்பு இருக்கும் என்று வலுவாக ஊகிக்கிறேன். இடப்பக்கம் மூச்சு எடுக்கும் நேரத்தில் முன்னே நீண்டிருப்பது வலக்கை. தலையைத் திருப்புவதோடு நிறுத்தாமல் தூக்கவும் செய்பவர்கள், தூக்கிய தலையைத் தாங்குவதற்காக அந்தக் கையை நேராகவே வைத்துத் தண்ணீரைக் கீழ்நோக்கி அமுக்குகிறார்கள். முழங்கை மடியாத நீண்ட கையால் அமுக்குவது உடலை முன்னே தள்ளாது. நெம்புகோலின் முழு நீளமும் தோளின் முன்பக்கத்துக்கு எதிராகவே வேலை செய்யும். ஒவ்வொரு மூச்சுக்கும் இது நடக்கிறது. தலையின் ஒரு பாதி தண்ணீருக்குள்ளேயே இருக்க, உடலின் உருளலோடு சேர்ந்து வாய் மட்டும் வெளிவருமாறு பழகுங்கள். மூன்று வீச்சுக்கு ஒருமுறை இருபக்கமும் மாறி மாறி மூச்சு எடுப்பது முதலில் திணறலாக இருக்கும். நீந்தும் எல்லா நீளத்திலும் அது கட்டாயமில்லை, ஆனால் பழகும் நீளங்களில் செய்யுங்கள். முகத்தின் நடுவில் பொருத்தும் ஸ்னார்க்கல் (மூச்சுக்குழாய்) கிடைத்தால், மூச்சைப் பற்றிய கவலை இல்லாமல் கையை மட்டும் திருத்திக்கொள்ள முடியும்.

கை தண்ணீருக்குள் நுழையும் இடத்தையும் பாருங்கள். கட்டைவிரல் முதலில் போகுமாறு கையைத் திருப்பி நுழைக்கும் பழக்கம் இன்னும் பல குளங்களில் கற்பிக்கப்படுகிறது. அது தோளை உள்நோக்கித் திருகிய நிலையில் தூக்கி நிறுத்துகிறது, தசைநாணுக்கு அதைவிடப் பாதகமான நிலை அரிது. உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, விரல் நுனிகள் முதலில், தோளுக்கு நேர் முன்னே நுழைய வேண்டும். தலைக்கு முன்னே நடுக்கோட்டைக் கை தாண்டக் கூடாது. நுழைந்த பின் முழங்கையை உயரத்தில் விட்டு, முன்கையையும் உள்ளங்கையையும் ஒரே பலகையாகச் செங்குத்தாக இறக்கித் தண்ணீரைப் பிடியுங்கள். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை உடலின் உருளல்: தட்டையாகக் கிடந்து நீந்துபவர் கையைத் தண்ணீருக்கு மேல் கொண்டுவரத் தோளை முதுகுக்குப் பின்னால் பிடுங்க வேண்டியிருக்கிறது, பக்கவாட்டில் உருளுபவருக்குக் கை தானாகவே வெளியே வருகிறது. நம் கை என்ன செய்கிறது என்று நாம் நினைப்பதும் அது உண்மையில் செய்வதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. குளத்தின் கரையில் ஒருவரை நிறுத்தி, முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் செல்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். நீந்தத் தொடங்கியதும் ஒரு முறை, களைத்த பிறகு ஒரு முறை எடுங்கள். தவறு இரண்டாவது படத்தில்தான் தெரியும்.

வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள், நீந்தி முடித்த பிறகோ நீந்தாத நாளிலோ செய்யுங்கள். நீந்துவதற்கு முன் செய்தால் களைத்த தசையோடு தண்ணீரில் இறங்குவீர்கள். வலி அதிகமாக இருக்கும் முதல் வாரத்தில், முழங்கையை மடித்து விலாவோடு வைத்து, புறங்கையால் சுவரை வெளிநோக்கி அழுத்தி 30 முதல் 45 விநாடி வரை நிறுத்துங்கள், ஐந்து முறை. அது எளிதானதும் ரெசிஸ்டன்ஸ் பேண்டுக்கு (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை) மாறி, விலாவுக்கும் முழங்கைக்கும் இடையே ஒரு துண்டை மடித்து வைத்து, கையை வெளிநோக்கித் திருப்பி, திரும்பி வரும்போது மெதுவாக விடுங்கள். பேண்டை எதிரே கட்டிப் பின்னோக்கி இழுப்பது தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளுக்கு. செரேட்டஸுக்கு, தண்டால் எடுத்துக் கைகள் நேரானதும் நிறுத்தாமல், மேல்முதுகு லேசாக உயரும் வரை தரையை இன்னும் தள்ளுங்கள். தண்டால் கடினமாக இருந்தால் சுவரில் கை ஊன்றி இதே அசைவைச் செய்யலாம். ஒவ்வொன்றிலும் 12 முதல் 15 வரை, மூன்று சுற்று. ஆறு வாரத்துக்குப் பிறகு, கையைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் வைத்து வெளிநோக்கித் திருப்பும் நிலைக்கு முன்னேற வேண்டும், ஏனென்றால் நீச்சலில் தசை வேலை செய்வது அந்த உயரத்தில்தான். பலரும் வலி போனதும் மூன்றாம் வாரத்தில் பேண்டை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு வாரம் குறையாமல் செய்யுங்கள். அதன் பிறகும் நீந்தும் காலம் முழுவதும் வாரம் இருமுறையாவது தொடருங்கள்.

தூரத்தை எப்போது கூட்டுவது? இரண்டு வாரம் தொடர்ந்து மூன்றுக்கு மேல் வலி வராமல் இருந்தால், வாரத்தின் மொத்தத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூட்டலாம். மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் சற்றுக் குறையுங்கள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். கடலைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. 25 மீட்டர் குளத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைக் காலால் தள்ளி ஏறத்தாழ 5 மீட்டர் வழுக்கிச் செல்கிறோம். 5 கிலோமீட்டரில் 200 நீளம், அதாவது ஏறக்குறைய 1,000 மீட்டர் தோளுக்கு வேலையே இல்லை. கடலில் சுவர் கிடையாது. அலைக்கு மேல் கையைக் கூடுதலாகத் தூக்க வேண்டும், திசை பார்க்கத் தலையை அடிக்கடி நிமிர்த்த வேண்டும். எனவே குளத்தில் 5 கிலோமீட்டர் நீந்த முடிவது கடலில் 5 கிலோமீட்டருக்கான தகுதி ஆகாது. இப்போதிலிருந்து எட்டு மாதத்துக்குள் வரும் எந்த நிகழ்வுக்கும் பெயர் கொடுக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. கிடைத்தால் வாரத்தில் ஒரு நாளாவது 50 மீட்டர் குளத்துக்கு மாறுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். தூக்கமே வராத அளவுக்கு வலி இருந்து, அதனால் உடற்பயிற்சியே செய்ய முடியாத நிலையில் மருத்துவர் அதைப் பரிந்துரைத்தால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் போட்ட வாரமே பழைய தூரத்துக்குத் திரும்புவது ஆபத்து, திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாண் பலவீனமாகும். அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை, 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வும், அதே ஆண்டு வெளியான பின்லாந்து ஆய்வும், அக்ரோமியனைச் செதுக்கி இடம் உண்டாக்கும் சிகிச்சை, உள்ளே கருவியை விட்டுப் பார்த்துவிட்டு எதுவும் செய்யாமல் மூடிய பாவனைச் சிகிச்சையைவிடக் குறிப்பிடத்தக்க பயன் எதையும் தரவில்லை என்று கண்டன. அவை பொதுவான நோயாளிகளிடம் நடத்தப்பட்டவை, நீச்சல் வீரர்களிடம் அல்ல; ஆயினும் உரசலுக்காக எலும்பைச் செதுக்கலாம் என்று யாராவது சொன்னால் நீங்கள் இரண்டாவது கருத்துக் கேட்க இதுவே போதுமான காரணம். முழுக் கிழிசலும், குழியின் விளிம்புக் குருத்தெலும்பு கிழிவதும் வேறு விஷயம். அங்கே அறுவை சிகிச்சைக்கு இடம் உண்டு. அப்போதும் பழைய வேகம் திரும்பும் என்ற உறுதி இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 17 வயதில் நான்கு தங்கம் வென்ற மிஸ்ஸி ஃபிராங்க்ளின், 2017 தொடக்கத்தில் இரு தோள்களிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டும் வலி தீராமல், 2018 டிசம்பரில் 23 வயதிலேயே போட்டி நீச்சலிலிருந்து விலகினார். வலியோடு பயிற்சியைத் தொடர்வதை மன உறுதியின் அடையாளமாகக் கருதும் பயிற்சியாளர்களிடம் அவர் கதையை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

உங்கள் மகளின் பயிற்சியாளர், பயிற்சிக்கு முன் பிள்ளைகளின் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்து இழுத்து நீட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்தச் சொல்லுங்கள். நீந்தும் பிள்ளைகளின் தோள் பெரும்பாலும் ஏற்கெனவே தேவைக்கு மேல் தளர்வாக இருக்கும். அந்த இழுப்பு, இறுகிய தசையை விட்டுவிட்டு, மூட்டின் முன்பக்க உறையைத்தான் நீட்டுகிறது. அதற்குப் பதிலாகக் கைகளைச் சுழற்றுவதும், பேண்டில் லேசான அசைவுகளும், 200 அல்லது 300 மீட்டர் மெதுவான நீச்சலும் போதும். வளரும் எலும்பின் நுனியில் உள்ள வளர்தகடு வயது வந்தவரின் எலும்பைப் போல உறுதியானதல்ல. அதனால் 11 வயதுப் பிள்ளை தோள் வலிக்கிறது என்று சொன்னால், அன்றைய மீதிப் பயிற்சியைக் கால் உதைப்புக்கு மாற்றிவிடுங்கள். ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் குழந்தைகளின் எலும்பு மூட்டுகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் காட்டுங்கள். அவளும் நான்கு வகை நீச்சலையும் கலந்து நீந்தட்டும். ஒரே வகையில் மட்டும் கவனம் செலுத்தும் வயது இதுவல்ல.